மெசின் இருக்கக்குள்ள கையால ஏன் தைக்க விடுறீங்க? உடுப்புத் தைக்கப் படிக்கிற, படிப்பிக்கிற ஆக்கள் வாங்க கதைப்பம்

ஊசிக்காது எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில உடுப்புத் தயாரிப்பு படிப்பிக்கிறன், எந்த இடமெண்டு கேக்காதீங்க, சொல்ல மாட்டன். வாற வருசம் பாடத்திட்டத்தத் திருத்தப் போறாங்களாம், முதல்ல தூக்கிறதுக்கு அவங்க பாத்து வெச்சிருக்கிறது நான் செய்விக்கிற ஒரு வேலையத்தான். புதுசா வாற புள்ளைகள் மெசின்ல குந்துறதுக்கு முதல் ஒரு முழு உடுப்ப கையாலயே தைச்சு முடிக்கணும். சின்னப் புள்ளைட சட்டையோ சாதாரண பிளவுஸோ, வெட்டுறதிலருந்து பட்டன் ஓட்டைக்கு நூல் கட்டுறது வரைக்கும் ஊசியும் நூலும்தான். "வேலைக்குப் போற புள்ளைக்கு மெசின் ஓடத் தெரிஞ்சா காணும், இதுக்கு எதுக்கு இவ்வளவு நாள் மினக்கெடுறீங்க" எண்டு மேல கேக்கிறாங்க. கூட்டத்தில நான் வாய் திறந்து கதைக்கணும், அதுக்குத்தான் இங்க வந்தன்.

நான் ஏன் விடமாட்டன் எண்டு நிக்கிறன் எண்டா, ஒரு காரியம் சொல்றன் கேளுங்க. துணியக் கையில குடுத்து நேரா வெட்டுங்க எண்டு சொன்னா எல்லாப் புள்ளையும் அடிமட்டத்த வெச்சு சோக்கால கோடு போடும். கோடு நேர்தான், துணி நேரா இருக்கணுமே. அப்ப நான் குறுக்கு நூல் ஒண்ட ஊசி முனையால கிளப்பி, விரல்ல சுத்தி, மெல்ல மெல்ல இழுக்கச் சொல்லுவன். துணி சுருங்கிச் சுருங்கி வரும், பாதியில நூல் அறும், அறுந்த இடத்தில திரும்ப முனையத் தேடிப் பிடிக்கணும், கண்ணெல்லாம் எரியும். முழுக்க இழுத்து முடிஞ்சா அந்த இடத்தில மெல்லிசா ஒரு வெளி தெரியும், அதிலதான் வெட்டணும். வெட்டிப் போட்டு ரெண்டா மடிச்சா மூலையும் மூலையும் சேராது, சில பிரிண்ட் துணில ஒரு இஞ்சிக்கு மேல தள்ளி நிக்கும். "ஏன் மிஸ் கோணலா நிக்குது" எண்டு புள்ள கேக்கிறது அந்த இடத்திலதான். சாயம் போட்டு, நீராவி குடுத்து, இழுத்துக் காய வெக்கக்குள்ள ஒரு பக்கம் முந்திப் போயிருக்கும், அந்தக் கோணலோடயே துணி காய்ஞ்சு கடைக்கு வந்திருக்கும். குறுக்கால பிடிச்சு இழுத்து நேராக்கிப் போட்டுத்தான் வெட்டணும். இத நான் போர்ட்ல எழுதிக் குடுத்தா கொப்பியில எழுதுவாங்க, நூல இழுத்துப் பாத்த புள்ள மறக்காது.

உங்களுக்கு கைவேலை என்னத்தப் படிப்பிச்சது? ஒண்டுமில்லாட்டி ஒண்டுமில்ல எண்டே எழுதுங்க. முகத்துக்காகப் புகழ வேணாம்.

லைன்_நம்பர்_7 எழுதினது:

மிஸ் கோவிக்காதீங்க, நீங்க கேட்டதால சொல்றன். நான் கார்மென்ட்ல புரொடக்சன் பக்கம் கன காலம். எங்கட மெசின் நிமிசத்துக்கு 5000 தையல் வரைக்கும் போகும். ஒரு ஆள் முழுச் சட்டையும் தைக்கிற இல்ல, ஒராள் கொலர், ஒராள் கஃப், ஒராள் பக்கத்தையல், பண்டில் கட்டுக்கட்டா வரும் போகும். ஒவ்வொரு வேலைக்கும் எஸ்எம்வி எண்டு ஒரு நிமிசக் கணக்கு இருக்கு, சாதாரண டீசேட் ஒண்டு முழுக்க சேர்ந்தே பத்து நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும். புதுசா வாற புள்ளைக்கு நாங்க முதல்ல நூலே கோர்க்க மாட்டம், கடதாசில கோடு கீறிக் குடுத்து அதுக்கு மேல ஊசிய ஓட விடுவம், நேர்கோடு, வளைவு, மூலை. ஏனெண்டா முதல்ல வரவேண்டியது கால், பெடல எவ்வளவு மிதிக்கிறது எங்க விடுறது எண்டது. கையால தைச்சு வந்த புள்ளைக்கும் கால் வராது, தைக்காம வந்த புள்ளைக்கும் வராது, ரெண்டு பேரும் அதே இடத்தில இருந்துதான் தொடங்குவாங்க.

வாகரையிலயும் கிரானிலயும் இருந்து விடியக்காலம பஸ் ஏறி வாற புள்ளைக்கு இந்த மாசச் சம்பளம் வேணும் மிஸ். நூல் இழுக்கிறது வடிவான வேலைதான். ஆனா அந்த நாளக்கு ஆர் காசு குடுக்கிற?

கோட்டமுனைப்_பெடியன் எழுதினது:

நான் படிக்கிற ஆள், மிஸ்ட இடத்தில இல்ல, வேற இடம். கிளாஸ்ல மூண்டே மூண்டு பெடியன்கள்தான், முதல் கிழம முழுக்க "டெய்லரா வரப்போறியாடா" எண்டு வீட்டில பகிடி.

எங்களுக்கும் கையாலதான் தொடங்கினது, பொறுமையே இல்ல எனக்கு. ஆனா சட்டைக்கு கை பூட்டின நாள் மட்டும் வேற கத. சட்டைட கைக்குழிய அளந்து பாத்தா ஒரு அளவு, கைத்துண்டுட மேல் வளைவு அதவிட நீளம், ரெண்டையும் எப்பிடிச் சேர்க்கிற எண்டு தலை சுத்தும். மிச்சமா இருக்கிற நீளத்த வெட்டி எறிஞ்சா தோள் மூட்டு உள்ள போக இடமில்ல. அதால மேல் வளைவில கிட்டக் கிட்ட ரெண்டு வரிசை ஓட்டுத் தையல் போட்டு நூல இழுத்து, அந்த மிச்சத்த தோளுச்சி ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விடணும், வெளியில சுருக்கமும் தெரியக்கூடாது. விரலுக்குள்ள துணி மேடு தட்டுறது தெரியும், மேடு தட்டினா அதில கூட நிக்குது, தள்ளி விடு. இப்ப மெசின்ல பூட்டக்குள்ளயும் இடக்கை பெருவிரல் அந்த வேலையத்தான் பாக்குது. லைன் அண்ணன் சொல்ற கால் எனக்கும் வரவே இல்ல, அது உண்மை, ஆனா கை முந்தியே வந்திட்டு.

இன்னொண்டு. கை ஊசிக்கு நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசாகும், மெசின் ஊசிக்கு நம்பர் கூடக் கூட மொத்தமாகும். இந்தக் கூத்த வெச்சவன கண்டா ரெண்டு கேள்வி கேக்கணும்.

தறிமேடை_மருதமுனை எழுதினது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட வீடு மூணு தலைமுறையா தறி வீடு. மிஸ் சொன்ன குறுக்கு நூல் கதய வாசிச்சிட்டு எழுதாம இருக்க ஏலல்ல.

நீங்க புள்ளைகளுக்கு துணியிலருந்து தொடங்குறீங்க, துணி எங்கருந்து வந்த எண்டத ஆரும் காட்டுற இல்ல. தறியில நெடுக்கு நூல், அதான் பாவு, முழு நேரமும் இறுக்கத்திலதான் நிக்கிது. குறுக்கு நூல், அத கொண்டு ஓடுற நாடாவோட சும்மா போய் வாற. அதால தறியிலருந்து அறுத்தெடுத்து முதல் தண்ணி பட்டதும் பாவு தன்ட இறுக்கத்த விட்டுட்டு சுருங்கும், நீளத்தில கூடுதலாக் குறையும், அகலத்தில அவ்வளவா குறையாது. சாறன் வாங்கிட்டுப் போய் "காக்கா, கட்டையாப் போச்சு" எண்டு வாற ஆக்களுக்கு இதத்தான் நான் சொல்ற. கைத்தறித் துணி எண்டா ஊறப்போட்டு நிழல்ல காயவெச்சுப் போட்டுத்தான் கத்தரி வெக்கணும். கையால தைக்க முதல் அந்தப் புள்ளைகள ஒரு முழம் நெய்ய விடுங்க மிஸ். குறுக்கு நூல இறுக்கி இழுத்தா கரை உள்ளுக்கு வாங்கும், நெய்ய நெய்ய துணிட அகலம் ஒடுங்கிப் போகும். லேசா விட்டா கரையில நூல் வளையம் தொங்கும். குறுக்கு நூல நெருக்கி அடிக்கிற அச்ச ஒரு அடி பலமா அடிச்சு ஒரு அடி மெல்ல அடிச்சா துணிய வெளிச்சத்துக்குப் பிடிச்சா வரி வரியாத் தெரியும். அவங்கட மனசு எங்க போய் வந்திருக்கெண்டு துணியே காட்டிக் குடுத்திரும்.

ஊர்ல இப்ப தறிச் சத்தம் குறைஞ்சி போச்சு. 1977ல வெளிநாட்டுத் துணிக்கு கதவத் திறந்து விட்டதோட ஒரு அடி, 2004 டிசம்பர் 26 கடல் வந்து தறியும் நூலும் அள்ளிட்டுப் போனது ரெண்டாவது, 2022ல நூல் விலையும் சாய விலையும் ஏறினது மூணாவது. கம்பசால புள்ளைகள் பஸ்ல வாறாங்க, தறிக்குழிக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுக்காங்க, போறாங்க. ஒராளாவது கால் வெச்சுப் பாக்கட்டா எண்டு கேக்கிற இல்ல.

மனையியல்_மிஸ் எழுதினது:

நான் பென்சன் எடுத்த மனைப்பொருளியல் ஆசிரியை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊசி நேராகப் பிடிக்கத் தெரியாது என்பதை நான் எத்தனையோ வருடமாகச் சொல்லிக் கொண்டு வருகிறேன். எங்கள் காலத்தில் தையல் அல்பம் இருந்தது. ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல், ஓரம் மடித்தல், ஒட்டுப் போடுதல், இழை ஓட்டுதல், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத் துணி, ஒரு பக்கம். அதில் கை பழகினால் பிறகு எந்த உடுப்பும் வரும். 1993ல் இருந்து அரசாங்கம் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது, அந்தத் துணியை வீட்டிலேயே வெட்டித் தைத்துப் போட்ட தாய்மார் எத்தனை பேர். இப்போது எல்லோரும் டெய்லரிடம் கொடுக்கிறார்கள், கால் மடிப்பு அவிழ்ந்தால் ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டு வருகிறார்கள். முழு உடுப்பைக் கையால் தைக்க விடுவதை விட அல்பத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கோட்டமுனைப்_பெடியன் எழுதினது:

மிஸ் மன்னிக்கணும், எங்கட அக்காட அல்பம் முழுக்க அம்மா தைச்சது, ஊரே அறியும் 😂 அவட கூட்டாளிட அல்பத்த கடையில ரெடியா வாங்கி அட்டைல பேர் எழுதினது. ரெண்டு பேருக்கும் நல்ல மாக்ஸ்.

மனையியல்_மிஸ் எழுதினது:

அது பெற்றோரின் பிழை தம்பி, அல்பத்தின் பிழை அல்ல.

ஊசிக்காது எழுதினது:

மிஸ் உங்களுக்கு மரியாத குடுத்தே சொல்றன், அல்பத்தில எனக்கு நம்பிக்க போய்ட்டு. ஆறு இஞ்சித் துண்டில ஆரும் வடிவாத் தைப்பாங்க, ஏனெண்டா அந்தத் துண்டு ஒரு இடத்திலயும் பூட்டப்படப் போறதில்ல, ஒருத்தரும் அதப் போட்டுக் கைய தூக்கப் போறதில்ல. ஓட்டுத் தையலுக்கும் பின்தையலுக்கும் என்ன வித்தியாசம் எண்டு அல்பத்தில கண்ணால பாக்கலாம். பிளவுஸ்ட அக்குள் பக்கம் ஓட்டுத் தையல் போட்டு அது வெடிச்சாத்தான் பின்தையல் எதுக்கு எண்டு விளங்கும். வெடிக்கட்டும் எண்டுதான் நான் பேசாம விட்டுட்டுப் பாக்கிறது. சில புள்ளைகள் அழுவாங்க, அழுதுட்டு கழட்டித் தைப்பாங்க. கழட்டத் தெரியணும், அது அரைவாசிப் படிப்பு. மெசின் தையல கழட்டக்குள்ள புள்ளைகள் துணியோட சேர்த்துக் கிழிக்கிறத நான் நித்தம் பாக்கிறன், கையால தைச்சுக் கழட்டின புள்ள ரெண்டு மூண்டு தையலுக்கு ஒருக்கா நூல வெட்டி மறுபக்கத்தால உருவி எடுக்கும், துணில ஊசி போன பள்ளம் மட்டும் நிக்கும்.

லைன் தம்பிக்கு ஒண்டு. உங்கட ஆக்கள் வெச்சிருக்கிற ஐஎஸ்ஓ 4915 தையல் வகைப் பட்டியல்ல 301 லொக் ஸ்டிட்ச், அதான் சாதாரண மெசின் தையல், 504 ஓவர்லொக், அதான் ஓரத்த சுத்திக் கட்டுற தையல் எண்டு மனப்பாடமா இருக்குமே, அதில 200ஆம் வரிச என்ன? கைத்தையல். பேக்டரிக்காரங்களே அதுக்கு ஒரு இடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க, எங்கட இடத்தில தூக்கப் போறாங்களாம்.

லைன்_நம்பர்_7 எழுதினது:

ஹாஹா மிஸ், அந்த 200 வரிசையப் பாத்து எங்கட புளோர்ல ஒருத்தரும் வேல செஞ்சதில்ல. விலை கூடின கோட்டுக்கு ஓரம் கொத்துற மாதிரித் தையல் போட மெசினே இருக்கு, பாத்தா கையால தைச்சது போலத்தான் இருக்கும், கஸ்டமர் அதுக்கு கூடக் காசும் குடுப்பான்.

ஆனா நேத்து உங்கட எழுத்த வாசிச்சிட்டு ஒரு விசயம் யோசிச்சன், அதையும் எழுதத்தான் வேணும். எங்கட செம்பிள் ரூம்ல, அதான் மாதிரி உடுப்பு தைக்கிற இடத்தில, இருக்கிற ஆக்கள் வேற ரகம். அவங்க முழு உடுப்பையும் தனியாத் தைப்பாங்க, கடதாசில வந்த டிசைன பாத்து "இந்த இடத்தில இப்பிடி வெட்டினா நிக்காது" எண்டு தைக்க முதலே சொல்லுவாங்க. அங்க போறதுக்கு லைன்ல இருந்து ஆள் எடுக்க எடுக்க தோதான ஆள் கிடைக்கிற இல்ல, ஏனெண்டா நாலு வருசம் கொலர் மட்டும் பூட்டின புள்ளைக்கு சட்டை எண்டா என்னெண்டே தெரியா. அது புள்ளைட குற்றமில்ல, நாங்க பிரிச்சுக் குடுத்த வேலை அப்பிடி.

போன மாசம் ஒரு டீசேட் ஓடர், கழுவிப் பாத்தா பக்கத்தையல் சுத்திக்கொண்டு முன்னுக்கு வருது. தைச்ச புள்ளைய சுப்பர்வைசர் பேசுறார், திருப்பித் தைக்க விடுறார், திரும்பவும் சுத்துது. தையல்ல ஒண்டுமில்ல. சிங்கிள் ஜேர்சி எண்ட டீசேட் துணி பின்னின நூல்ட முறுக்கு, கழுவினதும் அது தன்ட பாட்டுக்கு திரும்பப் பாக்கும், துணியும் சேர்ந்து திரும்பும். செம்பிள் ரூம் அக்கா ஒராள் துணிய கையில எடுத்து ரெண்டு தரம் தடவிட்டு "தையல விடுங்க, துணியப் பாருங்க" எண்டா. அவ எங்க படிச்சா எண்டு கேட்டன், வீட்டில உம்மாவோட இருந்து கையால தைச்சவவாம்.

அப்ப நான் சொல்றது, வெய்யுங்க, ஆனா ஒரு கிழமைக்கு மேல இழுக்க வேணாம். எல்லாரும் செம்பிள் ரூமுக்குப் போகப் போறதில்ல.

காத்தான்குடி_ராத்தா எழுதினது:

நான் வீட்டில இருந்து அபாயா தைக்கிற. கோர்ஸ் ஒண்டும் படிக்கல்ல, சாச்சிட்டப் பழகின. இங்க படிச்ச ஆக்கள் கதைக்கிறாங்க, எண்டாலும் ஒரு சொல்லு சொல்லிட்டுப் போறன்.

அபாயா தைக்கிற நிடா துணி தெரியும்தானே, வழுக்கிட்டு ஓடும். குடை மாதிரி வட்டமா அம்ப்ரெல்லா கட் வெட்டினா சுத்துவட்டத்தில ஒரு இடம் நேர் நூல்ல நிக்கும், ஒரு இடம் கோணமா நிக்கும். கோணமா நிக்கிற இடம் தன்ட பாரத்திலயே இழுபட்டு கீழ இறங்கும். புதுசாத் தைக்கிற புள்ளைகள் வெட்டின உடனே கீழ் ஓரம் மடிச்சு அடிச்சிருவாங்க, போட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் தொங்கும், முன்னுக்கு கட்டையா இரிக்கும், கஸ்டமர் சண்டைக்கு வருவா. நான் இடுப்பு வரைக்கும் பூட்டிட்டு ஒரு ராவு முழுக்க ஹெங்கர்ல தொங்க விடுற. விடிய எழும்பிப் பாத்தா எங்கெங்க இறங்கினது எண்டு தெரியும், நிலத்திலருந்து அடிமட்டம் வெச்சு அளந்து, சுத்திவர சோக்கால குறிச்சு, வெட்டிப் போட்டு, பொறகுதான் ஓரம். அந்த ஓரத்த கையாலதான் கொத்துற, ஒவ்வொரு தையலுக்கும் முன்பக்கத் துணில ஒரே ஒரு இழை. வெளியில ஒண்டும் தெரியா. கையால கொத்தக்குள்ள எங்க துணி இழுபடுது எண்டு ஊசி சொல்லும், மெசின் பல்லு கீழ்த்துணிய இழுத்திட்டுப் போகும், மேல்துணி பின்னால நிக்கும், முடிவில ஒரு முறுக்கு.

மத்தது காசு. கையால ஓரம் கொத்தினா கூலி கூட எண்டு சொன்னா "கொழும்பு பேட்டால ரெடிமேட் இதவிடக் குறைய" எண்டு சொல்ற ஆக்கள்தான் கூட. படிக்கிற புள்ளைகளுக்கு முதல்ல இதச் சொல்லிக் குடுங்க. தான் தைச்ச சட்டைக்கு எத்தின மணித்தியாலம் போச்செண்டு எழுதி, ஒரு நாள் கூலியால கணக்குப் பாக்கச் சொல்லுங்க. அப்ப அந்தப் புள்ளைக்கு கடையில தொங்குற சட்டைய பாக்கக்குள்ள ஒரு கேள்வி வரும், இவ்வளவு குறைச்சலா விக்க ஏலுமெண்டா தைச்ச ஆளுக்கு என்ன குடுத்தாங்க எண்டு.

லைன்_நம்பர்_7 எழுதினது:

ராத்தா கடைசி வரி என்னைப் பாத்துச் சொன்ன மாதிரி இருக்கு 🙂 பதில் இல்ல என்னட்ட. பங்களாதேசில 2013 ஏப்ரல்ல ராணா பிளாசா இடிஞ்சு 1100க்கு மேல ஆக்கள் செத்தாங்க, அதுக்குப் பொறகு எங்களிட்ட உடுப்பு வாங்குற பையர் ஆக்கள் வந்து கட்டடம், தீயணைப்பு, வாசல் எண்டு எல்லாம் எழுதிட்டுப் போவாங்க. விலைய மட்டும் கூட்டிக் கேட்டா கண்ண மூடிக் கொள்ளுவாங்க.

கொக்கட்டிச்சோலையான் எழுதினது:

தையல் தெரியா எனக்கு. ஆனா ஒண்டு, எங்கட பக்கம் வடமோடிக் கூத்து ஆடக்குள்ள கரப்புடுப்பு கட்டுற ஆக்கள நீங்க பாக்கணும். கம்பு வளையத்துக்கு மேல அடுக்கடுக்கா துணி, அத எப்பிடிச் சுருக்கினா ஆடக்குள்ள சுத்தி விரியும், எங்க கூடினா கால் தட்டும் எண்டு அவங்களுக்கு கணக்கு. ஒரு மெசினுக்கும் அது அடங்காது. உங்கட கிளாஸ் புள்ளைகள ஒரு கூத்துக் களரி சீசனுக்கு கொண்டு வந்து விட்டா நாங்களும் தப்பினம், உடுப்புக் கட்ட ஆள் குறைஞ்சு போச்சு. தலைப்புக்கு வெளியால போனா மன்னிக்கவும்.

பேர்ண்_மட்டக்களப்பாள் எழுதினது:

நான் இங்க சுவிஸ்ல பேர்ண்ல இருக்கன், சொந்த ஊர் ஆரையம்பதி. இங்க பள்ளிக்கூடத்தில துணிவேலையும் மரவேலையும் சேர்ந்து ஒரு பாடம் இருக்கு, லேர்பிளான் 21 எண்ட பாடத்திட்டத்தில ஆம்பிளப் புள்ளையும் பொம்பிளப் புள்ளையும் சேர்ந்துதான் செய்யணும். என்ட மகன் விளையாட்டுச் சாமான் போடுற நாடா வெச்ச பை ஒண்டு தைச்சுக் கொண்டு வந்தவன், தையல் எல்லாம் கோணமாணம், ஆனா அவன் அதோட ஒரு பேப்பரும் கொண்டு வந்தவன், அதில என்ன திட்டம் போட்டான், எது சரிவரல்ல, ஏன் மாத்தினான் எண்டு அவன்ட கையாலயே எழுதியிருக்கு. டீச்சர் மாக்ஸ் போட்டது பைக்கு கொஞ்சம், பேப்பருக்குக் கூட. அல்பம் அம்மா தைக்கலாம், "ஏன் கழட்டினன்" எண்டத அம்மா எழுதினா டீச்சர் ரெண்டு கேள்வில பிடிச்சிருவா.

அங்கத்த ஆக்கள் இதுக்காக இங்க எல்லாம் சொர்க்கம் எண்டு நினைக்க வேணாம். இங்கயும் பெடியன்கள் வளந்தா பட்டன் கழண்ட சேட்ட எறிஞ்சிட்டு புதுசு வாங்குறாங்க.

கோட்டமுனைப்_பெடியன் எழுதினது:

பேப்பர் ஐடியா நல்லம் அக்கா.

நான் ஒண்டு சொல்லவா. பரிசில மடலென் வியோனே எண்டு ஒரு டிசைனர் இருந்தவ, 1876ல பிறந்து 1975 வரைக்கும் இருந்தவ, துணியக் கோணமா வெட்டி உடம்போட விழ வெக்கிறதில பேர் போன ஆள். அவ கடதாசில கீறி டிசைன் பண்ணல்ல, ஒரு சின்ன மரப் பொம்மையில துணியச் சுத்தி, குண்டூசி குத்தி, அதில சரிவந்த பொறகுதான் பெரிய அளவுக்குப் போறது. எங்கட சேர் இத வெச்சு எங்கள பாதி அளவில தைக்க விட்டவர். முழுச் சட்டைட எல்லாப் பிரச்சினையும் அதில வரும், கை பூட்டுறது, கொலர், பட்டன் எல்லாம், துணி கால்வாசிதான் போகும், நாளும் குறையும். லைன் அண்ணன்ட ஒரு கிழமைக்குள்ள அடங்கும் எண்டு நினைக்கிறன்.

தறிமேடை_மருதமுனை எழுதினது:

தம்பி, பாதி அளவில தைக்கக்குள்ள துணி பாதி மெல்லிசாகாதே. மொத்தத் துணியில சின்னக் கை பூட்டினா மடிப்பு ஏறி நிக்கும், புள்ள தன்ட கை சரியில்ல எண்டு நினைக்கும். மெல்லிய வொயில் துணி எடுங்க.

கோட்டமுனைப்_பெடியன் எழுதினது:

அது சரி காக்கா, எங்களுக்கும் வொயில்தான் தந்தது.

நெறியாளர்:

இடையில ரெண்டு பதிவு தூக்கியிருக்கு. தையல் பொம்பிளை வேலையா ஆம்பிளை வேலையா எண்டு சண்டை பிடிக்க வேற இடம் பாருங்க. மருதமுனையில தறியில இருந்ததும், சந்தியில மெசின் போட்டுக்கொண்டு இருந்ததும் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்.

மனையியல்_மிஸ் எழுதினது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன். அல்பத்தை நான் விட்டுக் கொடுக்கவில்லை, ஆனால் சுவிஸில் இருக்கும் மகள் சொன்ன அந்தப் பேப்பர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு விடயம் எல்லோரும் விட்டு விட்டீர்கள். பிள்ளைக்கு முதலில் நூலின் நீளத்தைச் சொல்லிக் கொடுங்கள். அடிக்கடி கோர்க்கப் பஞ்சிப்பட்டு இரண்டு முழத்தில் நூலை எடுப்பார்கள், அது முறுகி முடிச்சு விழும், துணிக்குள் போய்ப் போய் நைந்து அறும். விரல் நுனியில் இருந்து முழங்கை வரை போதும். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் முறுகாது. எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு ஊசி துருப்பிடிக்கும், துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் கறை வைக்கும், ஆகவே ஊசிகளைப் பவுடர் போட்ட டப்பியில் வைக்கப் பழக்குங்கள். இவையெல்லாம் அல்பத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தவை.

ஊசிக்காது எழுதினது:

மிஸ் தேன்மெழுகு விசயத்துக்கு நன்றி, எங்கட இடத்தில அத விட்டே கன காலம், திரும்பக் கொண்டு வாறன்.

சரி நான் கூட்டத்துக்குப் போறது இப்பிடித்தான். முழு அளவு உடுப்ப விடுறன், பாதி அளவு சட்டை ஒண்டு, வொயில்ல. முதல் ரெண்டு நாளும் நூல் இழுக்கிறதும் துணிய நனைச்சு அளக்கிறதும்தான், நனைக்க முதல் ஒரு அளவு நனைச்ச பொறகு ஒரு அளவு, நெடுக்கு வேற குறுக்கு வேற. ஒரு நாள் மருதமுனைக்கு, காக்கா உங்கட தறியில ஆளுக்கு நாலு விரல் அகலமாவது நெய்ய விடுவீங்க எண்டா. மாக்ஸ்ல பாதிய எழுத்துக்கு வைக்கிறன், எங்க கழட்டினது ஏன் கழட்டினது எண்டு. ராத்தா சொன்ன கூலிக் கணக்கு கடைசிப் பக்கத்தில. அது மேல இருக்கிற ஆக்களுக்கு பிடிக்காது எண்டு தெரியும், எண்டாலும் வெய்க்கிறன். இதெல்லாம் முடிச்சிட்டு மெசினுக்குப் போனா லைன் தம்பி சொன்ன கடதாசி வேலையும் சேர்த்து.

ஒரு கிழமைக்குள்ள அடக்க ஏலா. பத்து நாள் கேப்பன், எட்டாவது தருவாங்க.

இப்ப எனக்கு வேண்டியது துணி. வொயில் கல்முனையில மொத்தமா எடுக்கிறது லாபமா, காத்தான்குடியிலயா? இருவத்தஞ்சு புள்ளைக்கு.

காத்தான்குடி_ராத்தா எழுதினது:

மொத்தமா எண்டா ரெண்டு இடத்திலயும் விசாரிங்க, வித்தியாசம் பெரிசா இருக்காது. கடைக்காரர் "கொட்டன்" எண்டு சொல்லுவார், நம்பாதீங்க, ஓரத்தில ரெண்டு நூல உருவி நெருப்பு வெச்சுப் பாருங்க. கடதாசி எரிஞ்ச மணம் வந்து சாம்பல் பொடிஞ்சா கொட்டன். உருகி கறுப்பா உருண்டு கல்லு மாதிரி நிண்டா பொலியெஸ்டர் கலந்தது, அத நனைச்சுப் பாத்தா சுருங்கவும் மாட்டா உங்கட அளவெடுக்கிற பாடமும் நடக்காது. கடைக்குள்ள பத்த வெக்காதீங்க, வெளிய போய்.

தறிமேடை_மருதமுனை எழுதினது:

வாங்க மிஸ். நோன்பு மாசத்தில மட்டும் வேணாம், பெருநாளுக்கு ஓடர் கூட, தறி ஓயாது. மத்த நாள்ல எப்பயும். பழைய தறி ஒண்ட புள்ளைகளுக்கெண்டு பாவு பூட்டி வைக்கிறன், அறுந்தாலும் காரியமில்ல. சாறனுக்கு ஓடுற பாவில கைவைக்க மட்டும் விடமாட்டன்.

லைன்_நம்பர்_7 எழுதினது:

மிஸ் கட்டிங் பக்கத்தில ஓரத்துண்டு கேட்டுப் பாக்கிறன், லேபல் இல்லாதது மட்டும்தான் வெளிய விடுவாங்க, அதுவும் மெனேஜர் கையெழுத்து வெச்சா. ஆனா எல்லாம் ஜேர்சி, இழுபடுற துணி, கையால தைக்க சரிவராது, பொறகு எனக்கு ஏசக்கூடாது.

ஊசிக்காது எழுதினது:

ஜேர்சிதான் வேணும் தம்பி. அதில முதல் ஓட்டுத் தையல் போட விடுவன், ஆளுக்கு ஆள் இழுத்துப் பாக்கட்டும், நூல் டக்கெண்டு அறும். பொறகு பின்தையல் போட்டு இழுக்கட்டும், துணியோட சேர்ந்து தையலும் கொஞ்சம் குடுக்கும். உங்கட ஓவர்லொக் ஏன் வந்த எண்டு நீங்க வந்து அந்த நாள்ல விளங்கப்படுத்துங்க. எவ்வளவு கிடைக்கும் எண்டு பாத்து சொல்லுங்க, ஆட்டோ பிடிச்சு வந்து எடுக்கிறன்.

லைன்_நம்பர்_7 எழுதினது:

சனிக்கிழம அரை நாள், ரெண்டு மணிக்குப் பொறகு வாங்க. படிப்பிக்கவெல்லாம் வரமாட்டன், மெசின் ஓடிக் காட்டுறன்.